அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதே

கண்ணு,

திங்கட்கிழமை நான் கூரியரில் அனுப்பிய காகிதம் இப்போது உன் மேசைமேல் இருக்கும். பிரித்திருந்தால் மூடி வை. பேனாவை எடுத்திருந்தால் கீழே வை. அதில் கையெழுத்துப் போடாதே. போடச் சொன்னவனும் நான்தான், வேண்டாம் என்கிறவனும் நான்தான். அப்பாவுக்கு வயசாகிவிட்டது, நேரத்துக்கு ஒரு பேச்சுப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டாலும் பரவாயில்லை. அதை ஓரமாக வைத்துவிட்டு இதைக் கடைசி வரி வரைக்கும் படி.

போனிலேயே சொல்லியிருக்கலாம். நேற்று இரண்டு தடவை உன் ஆபீஸ் நம்பரைச் சுற்றிவிட்டு, அந்தப் பக்கம் மணி அடிக்கத் தொடங்கியதும் வைத்துவிட்டேன். நான் என்ன சொன்னாலும் நீ 'சரிங்கப்பா' என்பாய். இப்போது எனக்கு அந்த 'சரிங்கப்பா'தான் பயமாக இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை நான் கேட்டபோதும் அதையேதான் சொன்னாய். எதுக்குங்கப்பா என்று கேட்கவில்லை. கட்டிடத்தைப் பார்க்காமல் எப்படிங்கப்பா என்று கேட்கவில்லை. சனிக்கிழமை ஆபீஸில் ஆள் குறைவாக இருக்கும், நீங்கள் எழுதி அனுப்புவதை அப்போது லெட்டர்பேடில் டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறேன் என்று வழியையும் நீயே சொன்னாய். போனை வைத்ததும் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, தெரியுமா? தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளை இன்னும் பேச்சைத் தட்டவில்லை என்று உன் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். உன் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "நீங்க செஞ்சது உங்களோட போகட்டுங்க. அதை எதுக்குங்க பையன் கைலயும் ஒட்டவெக்கறீங்க?" என்றாள். அன்றிலிருந்து அவள் என்னிடம் பேசுவது சோறு போடட்டுங்களா, போதுங்களா என்ற அளவோடு சரி.

உனக்குத் தெரிந்த வரைக்கும் இது ஒரு வழக்கு. வடவள்ளி ரோட்டில் நான் கட்டிய முதல் ஃப்ளாட்டில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் ராஜாமணி அக்கா என்மேல் நுகர்வோர் கோர்ட்டில் போட்டிருக்கும் வழக்கு. கூரைக் காரை பெயர்ந்து விழுகிறது, கட்டியவர்தான் பொறுப்பு என்பது அவர் புகார். மொட்டை மாடியில் பூந்தொட்டி வைத்துத் தண்ணீர் ஊற்றி ஊற்றி நீங்களே கூரையைக் கெடுத்துக்கொண்டீர்கள் என்பது நம் பதில். உன் கையெழுத்துக்காகக் காத்திருக்கும் காகிதத்திலும் அதுதான் எழுதியிருக்கிறது: கட்டிடத்தை நேரில் ஆய்வு செய்தேன், கம்பியும் கான்கிரீட்டும் உறுதியாக இருக்கின்றன, சேதத்துக்குக் குடியிருப்போரின் பராமரிப்புக் குறையே காரணம். "வெளி இன்ஜினியர் யாரும் பாக்காம எழுதித் தர மாட்டாங்க. உங்க பையன் மெட்ராஸ்ல பெரிய கம்பெனிலதானுங்க இருக்கறாரு? அப்பன் பேரு இனிஷியல்ல ஒரே ஒரு எழுத்து. அதை யாருங்க நோண்டப் போறாங்க?" என்று நம் வக்கீல் சிரித்தார். நானும் சிரித்தேன். வருகிற செவ்வாய்க்கிழமை வாய்தா.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். உன் அம்மாவுக்கே அரைகுறையாகத்தான் தெரியும். முழுசாகத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். நானும், மேஸ்திரி ஆறுமுகமும்.

தொண்ணூறுகள் தொடங்கின நேரம். கோயமுத்தூரில் ஃப்ளாட் என்றால் மூக்கைச் சுளித்த காலம். சொந்த மண்ணில் கால் வைக்காமல் இன்னொருத்தன் தலைக்கு மேல் குடியிருப்பதா என்று நம் சொந்தக்காரர்களே கேலி செய்தார்கள். அந்தியூரிலிருந்து வந்து, மாமன் வீடு, சித்தப்பன் வீடு என்று கட்டிக் கொடுத்துப் பெயர் வாங்கிய எனக்கு, நாலு தளம் எட்டு வீடு என்று ஒரே கட்டிடம் எழுப்பிக் காட்ட வேண்டும் என்று வெறி. மேல் கூரை போடும் நாளை நான் கல்யாணம் மாதிரி நடத்தினேன். நல்ல நாள், நல்ல நேரம் பார்த்து, கேலி செய்தவர்கள் வீட்டுக்கெல்லாம் நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தேன். கீழ்த்தளத்தில் பவானி ஜமக்காளம் விரித்து உட்கார வைத்தேன். கிடா வெட்டி அண்டாவில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நீ அப்போது காலேஜ் பரீட்சையில் இருந்தாய், வர முடியவில்லை. வந்திருந்தால் என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

அந்த வருஷம் கோடை காய்ந்து கிடந்தது. சிறுவாணித் தண்ணீர் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத காலம். லாரித் தண்ணீர்தான் கதி. விடிவதற்குள் இரண்டு லாரி அனுப்புகிறேன் என்றவன் ஒன்றுகூட அனுப்பவில்லை. சைட்டிலேயே ஒரு கிணறு இருந்தது. அதில் ஒரு கை அள்ளி வாயில் விட்டால் நாக்கு சுருங்கும், அவ்வளவு உப்பு. சட்டி கழுவவும் செங்கல் நனைக்கவும் மட்டும் அதை வைத்திருந்தோம். பூசை முடிந்து தேங்காய் உடைத்தாகிவிட்டது. மிக்சர் உருளத் தயாராக நிற்கிறது. ஆறுமுகம் என்னைத் தூணுக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

"ஏனுங்க, லாரி வராதாட்ட இருக்குதுங்க. கிணத்துத் தண்ணிய ஊத்தி இந்தக் கூரையப் போட முடியாதுங்க. உள்ள இருக்கற கம்பியத் துருத் தின்னுபோடுமுங்க. நாளைக்குப் போட்டுக்கலாமுங்க."

"தேங்கா ஒடச்சாச்சு ஆறுமுகம். சனமெல்லாம் வந்து உக்காந்திருக்குது. இப்ப நிறுத்தினா மொதக் கட்டடமே தடங்கல்னு ஊரெல்லாம் பேசிப்போடுவாங்க."

"பேசட்டுங்க. பேசறவங்க அதுக்குள்ள குடியிருக்கப் போறதில்லீங்களே."

"போடுங்க. பாத்துக்கலாம்."

இவ்வளவுதான் நடந்தது. யாரும் என்னை ஏமாற்றவில்லை, எனக்குத் தெரியாமலும் நடக்கவில்லை. சிமெண்டில் நான் ஒரு மூட்டை குறைக்கவில்லை, கம்பியில் ஒரு சுற்று குறைக்கவில்லை. நாலு பேர் முன்னால் அசிங்கப்பட மனசு வரவில்லை, அதற்காக ஒரு கூரையைக் கெடுத்தேன். தேங்காய் உடைத்த பிறகு வேலை நின்றால் குடும்பத்துக்கே ஆகாது என்ற பயமும் இருந்தது. அதற்குப் பிறகு கான்கிரீட் இறுகுவதற்காக இரண்டு வாரம் கூரைமேல் தண்ணீர் கட்டி வைத்ததும் அதே கிணற்றிலிருந்துதான். ஆறுமுகம் மறுபடியும் வாய் திறக்கவில்லை. கேட்டால் கோபித்துக்கொள்வேன் என்று அவருக்குத் தெரியும். மரியாதை தெரிந்த மனிதர்.

இரண்டு மாதம் கழித்து நீ லீவுக்கு வந்தாய். ராத்திரிச் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தோம். நீ பாட்டுக்குப் பேசிக்கொண்டே வந்தவன், "குடிக்க ஆகாத தண்ணீல கான்கிரீட் போடக்கூடாதுன்னு எங்க சார் சொன்னாருங்கப்பா. உப்புத் தண்ணியா இருந்தா உள்ள இருக்கற கம்பி துருப் புடிச்சு ஊதிக்குமாமுங்க. வெளிய தெரியவே அஞ்சாறு வருஷம் ஆகுமாம்" என்றாய். உனக்கு அந்தக் கிணறு பற்றி ஒன்றும் தெரியாது. படித்ததை அப்பாவிடம் சொல்லும் சந்தோஷம் மட்டும்தான் உன் முகத்தில் இருந்தது. நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். "நாலெழுத்துப் படிச்சுப்போட்டு எனக்கே பாடம் நடத்தறயா? நாப்பது ஊடு கட்டினவன்டா நான்" என்று கத்தினேன். உன் அம்மா பயந்து போனாள். நீ கை கழுவிவிட்டு வந்து, "தப்புங்கப்பா, இனி பேசமாட்டேனுங்க" என்றாய். சொன்னபடியே அதற்குப் பிறகு என் கட்டிடங்களைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ சொன்ன 'சரிங்கப்பா' அந்தச் சாப்பாட்டில்தான் பிறந்தது என்று எனக்கு இப்போது படுகிறது. நீ சொன்னது சரி என்பதால்தான் அன்று அவ்வளவு கத்தினேன். தப்பாகச் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு இன்னொரு கரண்டி ரசம் கேட்டிருப்பேன். அன்றைக்கு நான் செய்ததற்கு இன்று உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

ராஜாமணி அக்காவைப் பற்றியும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். வீட்டுக்காரர் மில்லில் இருந்தார், சீக்கிரமே போய்விட்டார். ஒரே மகள் கவிதா, மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டிக்காரர் வீட்டில் கட்டிக் கொடுத்திருக்கிறார். சாவி வாங்கிய அன்றைக்கு, எல்லாம் திருப்தியாக உள்ளது, இனி எந்தக் குறையும் சொல்ல மாட்டேன் என்று டைப் அடித்த காகிதத்தில் கையெழுத்து வாங்கினேன். படித்துக்கூடப் பார்க்கவில்லை. "நீங்க செஞ்சா சரியாத்தானுங்க இருக்கும்" என்று போட்டுக் கொடுத்தார். நம் வக்கீல் அந்தக் காகிதத்தைத் தெய்வப் படம் மாதிரி ஃபைலில் முதலில் வைத்திருக்கிறார். சாவி கொடுத்து இத்தனை வருஷம் ஓடிவிட்டது, காலம் கடந்த புகார் என்பது அவருடைய அடுத்த வாதம். குறை கண்ணுக்குத் தெரிந்த நாளிலிருந்துதான் காலத்தை எண்ண வேண்டும் என்கிறார் எதிர் வக்கீல். யார் வாதம் ஜெயிக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தம்மாள் அன்று பார்த்தது கதவையும் ஜன்னலையும் குழாயையும். அதற்குத்தான் அவர் கையெழுத்து. கூரைக்குள் இருக்கும் கம்பியை அவர் எங்கே பார்த்தார்? அதைப் பார்த்தவன் நான். வெளியே தெரிகிற குறையை வாங்குகிறவர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். உள்ளே மறைந்த குறையைக் கட்டினவன் சொன்னால்தான் உண்டு.

முதல் போன் வந்தது மூன்று வருஷத்துக்கு முன்பு. "தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. கூரைல காப்பித்தண்ணி நெறத்துல சின்னதா ஒரு கோடு தெரியுதுங்க. உங்களுக்கு நேரம் இருக்கறப்ப வந்து பாத்தாப் போதுமுங்க." கோடு கம்பி ஓடும் வழியிலேயே ஓடியிருந்தது. எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. "பாத்துக்கலாமுங்க அக்கா" என்று சொல்லி, ஆள் அனுப்பிப் பூசி வெள்ளையடித்தேன். போன ஆட்களுக்குச் சோறு போட்டு அனுப்பிவிட்டு எனக்கு நன்றி சொல்ல போன் செய்தார். இன்னும் இரண்டு தடவை இதே மாதிரி. பிறகு ஒருநாள் சமையலறையில் தோசைக்கல் அகலத்துக்குக் காரை பெயர்ந்து அடுப்பின்மேல் விழுந்தது. அதையும், "பெருசா ஒண்ணும் ஆகலீங்க, நான் அப்பத்தான் முன்னால போனனுங்க" என்றுதான் சொன்னார். நம் பக்கத்துப் பேச்சு இருக்கிறதே, கண்ணு, தலையில் கல் விழுந்தாலும் ஒரு 'ங்க' சேர்த்துத்தான் சொல்வோம். அந்த 'ங்க'வுக்குப் பின்னால் நான் மூன்று வருஷம் ஒளிந்துகொண்டேன். அவர் வாய் விட்டுக் கத்தியிருந்தால் எனக்கு உறைத்திருக்கும் என்று சொல்லத் தோன்றுகிறது. அதுவும் பொய். கடைசியில் மருமகன் பொறுக்க முடியாமல் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினபோது நான் என்ன சொன்னேன் தெரியுமா? நேரில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, கோர்ட்டுக்கா போவார்கள் என்று ஊரெல்லாம் புலம்பினேன்.

புதன்கிழமைக்கு வருகிறேன். மொட்டை மாடியில் அவர் வைத்திருக்கும் பூந்தொட்டிகளைப் போட்டோ எடுத்து வரச் சொன்னார் வக்கீல். உன் மாமாவின் கேமராவை வாங்கிக்கொண்டு மத்தியானம் மூன்று மணிக்குப் போனேன். "எதையும் ஒத்துக்கற மாதிரி ஒரு வார்த்தை உங்க வாயில வரக்கூடாதுங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார். கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும், "வாங்க தம்பி, உக்காருங்க, காப்பி குடிச்சுப்போட்டு மேல போலாமுங்க" என்றார். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. வேண்டாம் என்றேன். "கேஸ் கோர்ட்டுல நடக்கட்டுங்க. அதுக்குன்னு ஊட்டுக்கு வந்தவங்களுக்கு ஒரு வாய் காப்பி குடுக்காம இருக்க முடியுமுங்களா?" என்று உள்ளே போனார்.

நான் உட்கார்ந்த இடத்திலிருந்து படுக்கையறை தெரிந்தது. கவிதா பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். குழந்தைக்கு நாற்பது நாள் ஆகிறது. புடவையில் தொட்டில் கட்டி ஆட்டிக்கொண்டிருந்தாள். கூரை போடும்போதே ஒவ்வொரு படுக்கையறையிலும் கம்பியை வளைத்துத் தொட்டில் கொக்கி விடுவது நம் பக்கத்து வழக்கம் என்று உனக்குத் தெரியும். அந்தக் கொக்கியைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குச் செம்பழுப்பாகக் கறை. அங்கே தொடங்கின விரிசல் சுவர் வரைக்கும் போயிருந்தது. தொட்டில் ஒவ்வொரு தடவை அந்தப் பக்கம் போய்த் திரும்பும்போதும் மேலேயிருந்து கொஞ்சம் தூள் உதிர்ந்தது. தொட்டிலுக்கு மேலே ஒரு துண்டைக் கட்டியிருந்தார்கள். கவிதா அந்தத் துண்டைத் தட்டிவிட்டு மறுபடியும் ஆட்டினாள். "ரெண்டு நாளா மண்ணு உதுருதுங்க. கொழந்த கண்ணுல உழுந்துறப் போகுதுன்னு துணி கட்டியுட்டோமுங்க" என்றார் அக்கா, காப்பியைக் கொடுத்துக்கொண்டே.

நான் காப்பியைக் குடித்தேன். இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். முழுசாகக் குடித்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மாடிக்குப் போய்ப் பூந்தொட்டிகளை ஆறு போட்டோ எடுத்தேன். இறங்கி வந்து, வாரேனுங்க என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். லாலி ரோடு வரைக்கும் போய்விட்டேன். கண் முன்னால் வண்டி, ஆள் எதுவும் தெரியவில்லை, அந்தக் கறை மட்டும்தான் தெரிந்தது. ஒரு பஸ்காரன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான். அங்கேயே திருப்பினேன். மூன்று மாடியும் ஏறினேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே படுக்கையறைக்குள் போனேன்.

"அம்மிணி, கொழந்தைய எடு."

"இப்பத்தானுங்க மாமா தூங்குச்சு..."

"எடு சாமி. மொதல்ல எடு."

அவள் எடுத்ததும் தொட்டில் துணியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. தூள்தான் கொஞ்சம் உதிர்ந்தது. கொக்கி நின்றுவிட்டது. பெயர்ந்து விழுந்திருந்தால் அந்த இடத்திலேயே உண்மை வெளியே வந்திருக்கும், நான் வாய் திறக்க வேண்டியே இருந்திருக்காது. நின்றுவிட்டதால் எனக்குள் இருந்த வக்கீல் எழுந்து உட்கார்ந்துகொண்டார். பெரியவர் எதற்கு இப்படிப் பதறுகிறார் என்று இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். "அப்ப ஹால்ல கட்டிக்கறோமுங்க" என்றார் அக்கா. ஹாலும் அதே கூரைதான், கண்ணு. "ஹால்லயும் வேண்டாமுங்க. இந்தக் கூரைக்குக் கீழ எங்கயுமே வேண்டாமுங்க" என்று வந்துவிட்டது. "ஏனுங் தம்பி?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் என் நாக்கு நுனியில்தான் இருந்தது. நான் சொன்னதோ, "ஆள் உட்டுச் சுத்தமாப் பூசித் தந்துடறனுங்க. நாலு நாளைக்கு நம்ம ஊட்டுல வந்து இருங்க" என்பதுதான்.

அன்று சாயங்காலமே டாக்சி வைத்துக் கூட்டி வந்துவிட்டேன். இப்போது உன் அறையில்தான் இருக்கிறார்கள். பக்கத்து ஃப்ளாட் ஆட்கள் லீவுக்கு ஊருக்குப் போயிருக்கிறார்கள், வீடு பூட்டிக் கிடக்கிறது, அந்த மட்டும் நிம்மதி. நேற்றுக் காலையில் ஆறுமுகத்தைக் கூப்பிட்டு இரண்டு வீட்டுக்கும் உள்ளே முட்டுக் கொடுக்கச் சொன்னேன். பூட்டின வீட்டுக்காரருக்கு ஊருக்கு போன் போட்டுக் கேட்டு, கீழ்வீட்டில் கொடுத்து வைத்திருந்த சாவியை வாங்கிக்கொண்டேன். ஆறுமுகம் சுத்தியலால் கூரையைத் தட்டிக்கொண்டே போனார். பாதிக்கு மேல் பொத்துப் பொத்தென்று காலிச் சத்தம்தான் வந்தது. என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. "முட்டு எத்தன நாளைக்குங்க?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியும். பூசி மெழுகுகிற வேலை இல்லை அது. கூரையை உடைத்து இறக்கிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். உன் பெயரில் ஆபீஸ் போட வைத்திருந்த இடத்தை அதற்கு விற்க வேண்டியிருக்கும். அதோடு நின்றாலும் நல்லது. எட்டு வீட்டுக்காரர்களும் கேட்பார்கள், ஊரும் கேட்கும். அந்த இடம் உனக்கு என்று நினைத்து நினைத்தே நான் இத்தனை நாள் வாயை மூடியிருந்தேன். உனக்காக என்று சொல்லிக்கொண்டால் எந்த அயோக்கியத்தனமும் கொஞ்சம் அழகாகத் தெரிகிறது.

வக்கீலுக்கு விஷயம் தெரிந்ததும் ஒரு ஆட்டம் ஆடினார். பிறகு அவரே சமாதானமாகி, "சரி உடுங்க. மனிதாபிமானத்துல கூட்டிட்டு வந்தோம்னு சொல்லிக்கலாம். நமக்கு அது நல்லதுதானுங்க. பையன் சர்டிபிகேட்ட மட்டும் வர வெச்சுப்போடுங்க" என்றார். அதையாவது நான் சமாளித்திருப்பேன். இன்று காலையில் ராஜாமணி அக்கா வாசலில் வந்து நின்று கையைக் கூப்பினார். "எந்தக் கட்டடக்காரருங்க கேஸ் போட்டவங்களக் கூட்டிட்டு வந்து சோறு போடுவாங்க? நாங்கதானுங்க அவசரப்பட்டுப்போட்டோம். மாப்பிள்ளகிட்டயும் சொல்லிப்போட்டேன். திங்கக்கிழம வக்கீலப் பாத்து கேஸ வாபஸ் வாங்கிக்கறனுங்க" என்றார். உன் அம்மா கதவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். சரி என்றா, வேண்டாம் என்றா, எனக்கே தெரியவில்லை. அக்கா சரி என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் ஒன்றும் செய்ய வேண்டாம், கண்ணு. திங்கட்கிழமை வரைக்கும் வாயைத் திறக்காமல் நல்லவனாக இருந்தால் போதும். வழக்கு போய்விடும். வெள்ளையடித்துக் கொடுத்தால் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பப் போய்விடுவார்கள், அதே கூரைக்குக் கீழே, அந்தக் குழந்தையோடு. இவ்வளவு சுலபமாக இருப்பதுதான் என்னைக் கொல்கிறது. காலையிலிருந்து மூன்று தடவை உன் அறைக் கதவுவரை போனேன். ஒவ்வொரு தடவையும் அவர் எழுந்து நின்று, என்னங் தம்பி, ஏதாச்சும் வேணுமுங்களா என்று கேட்கிறார். ஒன்றுமில்லைங்க என்று திரும்பி வந்துவிடுகிறேன். தேங்காய் உடைத்த அன்றைக்கு யாருக்குப் பயந்தேனோ அந்த ஆட்களில் பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை. பயம் மட்டும் போகவில்லை.

அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். இதைக் கூரியரில் போட்டுவிட்டு வந்த பிறகு அவரிடம் சொல்வதாக இருக்கிறேன். கடிதம் என் கையை விட்டுப் போய்விட்டால் நான் பின்வாங்க வழியில்லை, அதற்காகத்தான் முதலில் இதைப் போடுகிறேன். ஆனாலும் என்னை நம்பாதே. ஐம்பத்தெட்டு வயசு வரைக்கும் பாத்துக்கலாம் என்றே சொல்லி வாழ்ந்தவன் ஒரே மத்தியானத்தில் மாறிவிடுவான் என்று நானே நம்பவில்லை.

நாளைக்கு இது உன் கைக்கு வரும். ராத்திரி ரயிலைப் பிடித்து ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வா. என்னிடம் எதுவும் கேட்காதே. நேராக ராஜாமணி அக்காவிடம் போய், கூரையில் என்ன கோளாறு என்று அப்பா உங்களிடம் சொன்னாருங்களா என்று கேள். சொன்னார் என்றால் நல்லது. அவர் என்ன கேட்டாலும் சேர்ந்து செய்யலாம். இல்லை, சும்மா பூச்சு வேலைதானே என்று அவர் சொன்னால், இந்தக் கடிதத்தை அப்படியே அவர் கையில் கொடு. உப்புத் தண்ணீர் என்று தெரிந்தே போட்டேன் என்று என் கைப்பட எழுதி, 'அப்பா' என்பதற்குக் கீழே தேதியும் கோர்ட்டில் போடுகிற அதே கையெழுத்தும் போட்டு அனுப்புகிறேன். அவர் வக்கீலுக்கு இது ஒன்று போதும். நான் அந்த இடத்திலேயே நின்றுகொண்டு கொடுக்காதே கண்ணு என்று கையை நீட்டினாலும், என் கையில் மட்டும் கொடுத்துவிடாதே.

அப்பா